அடியில்லாத இருபத்தாறு பானை

ஜன்னலோரம் நீங்களே இருந்துக்கங்க தம்பி, எனக்கு அனல் காத்து ஆகாது. நான் வாசுதேவநல்லூர் வரைக்கும்தான். சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறேன். கோவிச்சுக்கிட்டு அவ அண்ணன் வீட்டுல வந்து உக்காந்துட்டா. நாலு மாசம் ஆச்சு. முன்னாடியும் கோவிச்சிருக்கா, இல்லைங்கலை. ரெண்டு நாளைக்கு அடுப்படியில பாத்திரச் சத்தம் கூடும், அப்புறம் சரியாப் போயிரும். இந்தத் தடவை சத்தமே இல்லை.

என்ன சண்டைன்னு கேக்கறீங்களா? சண்டையே இல்லைங்கிறேன். எல்லாம் அந்த ஆப்பிரிக்காவால வந்த வினை.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். கானான்னு ஒரு தேசம். போன வருஷம் புரட்டாசியில போனேன். பாஸ்போர்ட் பையிலதான் இருக்கு, வேணும்னா காட்டறேன். நான் வேளார் வீட்டுப் பிள்ளை. பூமிநாத வேளார்னு மானாமதுரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பானை, சட்டி, அக்கினிச்சட்டி, பொங்கலுக்குப் புதுப்பானை, எல்லாம் என் கைதான். மதுரையில ஒரு பொருட்காட்சி போட்டாங்க. அதுல உக்காந்து மூணு மணி நேரத்துல அறுபது பானை வனைஞ்சேன். கூட்டம் கட்டி ஏறுச்சு. அதை மெட்ராஸ்ல இருந்து வந்த ஒரு அம்மா பாத்துக்கிட்டே நின்னுச்சு. ஹெலன் மேடம்னு பேரு. ஒரு சங்கம் வச்சு நடத்துறாங்க. கானாவுல பொம்பளைங்கதான் பானை செய்யறாங்க, சக்கரம் கிடையாது, வெறுங்கையால ஒரு நாளைக்கு ரெண்டு மூணு, நீங்க வந்து சக்கரம் சொல்லிக்குடுங்க, மூணு மாசம், சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் எங்க பொறுப்புன்னாங்க.

ரெண்டு டிக்கெட்டு இருக்கு, கூட ஒத்தாசைக்கு வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்கன்னும் சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். ஏன்னா, அவளுக்கு அங்க என்ன வேலை? எங்க வீட்டுல பொம்பளைங்க சக்கரத்தைத் தொட மாட்டாங்க தம்பி. எங்க ஆத்தா தொட்டதில்லை, அதோட மாமியா தொட்டதில்லை. ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்கிறதுகூட ஆம்பளைதான். அவ பண்றது தட்டுற வேலை. அதாவது நாங்க வனையும்போது அடியை மூட மாட்டோம். வாய், கழுத்து, தோள்பட்டை வரைக்கும் சக்கரத்துல எழுப்பி, நூலை விட்டு அறுத்து நிழல்ல வச்சிருவோம். பதமா வாடினதும் உள்ள ஒரு உருண்டைக் கல்லைக் குடுத்து, வெளிய பலகையால தட்டித் தட்டி, மண்ணை இழுத்து அடியை மூடணும். அதை அவ பாத்துக்குவா. கல்யாணமான மறுவாரத்துல இருந்து அவதான். அது ஒரு வேலைன்னு நான் நினைச்சதே இல்லை, அப்படியே நடந்துக்கிட்டு இருந்துச்சு.

நானும் வரட்டுமான்னு ஒரே ஒரு தடவை கேட்டா. மாட்டை யார் பாக்கறதுன்னேன். சரின்னுட்டா. பொட்டி கட்டும்போது அவ தட்டுற பலகையையும் கல்லையும் அடியில வச்சுக் கட்டியிருந்தா. கனம் கூடிப்போச்சுன்னு அதை எடுத்து வெளிய வச்சுட்டு ரெண்டு கிலோ புழுங்கலரிசியை வச்சுக்கிட்டேன். அந்த ஊர்ல அரிசி எப்படி இருக்குமோன்னு ஒரு பயம்.

துபாய்ல இறங்கி, அக்ரான்னு ஒரு ஊர்ல இறங்கி, அங்கிருந்து ஒரு நாள் பூரா காரு. வடக்கே போகப் போக நம்ம ராமநாதபுரம் சீமைதான் தம்பி. செம்மண்ணு, வெயிலு, எங்க பாத்தாலும் வேப்பமரம். வேப்பமரத்தைப் பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சபோரோன்னு ஒரு சின்ன ஊரு. ஹெலன் மேடம் ஒன்றரை மணி நேரம் தள்ளி டவுன்ல தங்கியிருந்தாங்க, வாரத்துக்கு ஒரு தடவை வருவாங்க. எனக்குத் துணையா அயினேன்னு ஒரு ஆளு. இங்கிலீசு தெரிஞ்சவன், நல்ல மனுசன். மேடம் இருந்தா நான் தமிழ்ல சொல்றதை அவங்க இங்கிலீசுல சொல்லுவாங்க, அயினே அதை ஊர்ப் பாஷையில சொல்லுவான். மேடம் இல்லாத நாள்ல எனக்குத் தெரிஞ்ச பத்து வார்த்தை இங்கிலீசும் கையும்தான்.

முத நாளே அவமானம். மண்ணு எப்படி இருக்குன்னு பாக்கணும்ல? மண்ணெடுக்கிற குழிக்குப் பொம்பளைங்க கூடையைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க, நானும் பின்னாடியே போனேன். பாதி வழியில நிப்பாட்டிட்டாங்க. ஆம்பளை வரக்கூடாதாம். ஆம்பளை கால் வச்சா மண்ணு கோவிச்சுக்கிட்டு உள்ளாற போயிருமாம். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். எங்க அப்பன், அவுகப்பன்னு தலைமுறை தலைமுறையா மண்ணுல பொறந்தவனை, மண்ணுகிட்டப் போகாதேன்னா? பொம்பளை, ஆம்பளைன்னு மண்ணுக்கு என்ன தெரியும்? இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு மேடம்கிட்ட அன்னைக்கே சொன்னேன். அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. எங்க வீட்டுச் சக்கரம் வேற தம்பி, அது முறை. அதையும் இதையும் ஒண்ணாச் சேக்கக் கூடாது.

அந்தப் பொம்பளைங்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி, அசிபின்னு பேரு. என் வயசு இருக்கும். ஒல்லி, நல்ல உசரம், முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. அவ பானை செய்யறதைப் பாக்கணுமே நீங்க. பானை தரையில அசையாம இருக்கும். அவ இடுப்பை வளைச்சுக் குனிஞ்சு, பின்பக்கமாக் காலை வச்சுக் காலை வச்சு அதைச் சுத்தி வருவா. பானை சுத்தாது, பானைக்காரி சுத்துறா. ஒரு பானைக்கு எத்தனை சுத்து வருவாளோ, கணக்கே இல்லை. நான் வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். சக்கரத்தைப் பாக்காத சனம்னு பரிதாபமா இருந்துச்சு.

ரெண்டாவது வாரம் ஒரு நாள் குறிச்சு, நான் வனைஞ்சு காட்டுறதுன்னு ஏற்பாடு. ஊர்த் தலைவரு வந்தாரு, குதிரைவால் மாதிரி ஒண்ணைக் கையில ஆட்டிக்கிட்டு. அதிகாரிங்க வந்தாங்க. பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் பொம்பளைங்க வந்து வட்டமா உக்காந்துட்டாங்க. சக்கரத்தைச் சுத்தி விட்டேன். ஒரு மணி நேரத்துல இருபத்தாறு. நாக்கைச் சுழட்டிக் குலவை விடறாங்க, நம்ம ஊர்க் குலவைதான், வித்தியாசமே தெரியலை. தலைவரு எந்திரிச்சு நின்னு கையைக் குடுத்தாரு. என் வாழ்நாள்ல அப்படி ஒரு மரியாதை நான் பாத்ததில்லை. வனைஞ்சு வனைஞ்சு, வழக்கம்போல அறுத்து வரிசையா வச்சேன். வழக்கம்போல யாரோ எடுத்துட்டுப் போவாங்கன்னு வச்சுட்டு, சாப்பிடப் போயிட்டேன்.

அந்த ஊர்க் காத்து காஞ்ச காத்து. சாப்பிட்டுட்டு எல்லாரும் திரும்பி வர்றதுக்குள்ள பானை விறைச்சுப் போச்சு. அசிபி போய் ஒண்ணைத் தூக்கினா. தூக்கி, கையை உள்ள விட்டா. கை அந்தப் பக்கம் வந்துருச்சு. வளையல் போட்ட மாதிரி பானையைத் தோள் வரைக்கும் ஏத்திக்கிட்டா. அப்புறம் இன்னொண்ணைத் தூக்கி, அது வழியா என்னைப் பாத்தா. ஒருத்தி சிரிச்சா, பத்துப் பேர் சிரிச்சாங்க, ஊரே சிரிச்சுச்சு. தலைவரும் சிரிச்சாரு. அசிபி மட்டும் சிரிக்கலை. அயினேகிட்ட என்னமோ கேட்டா, அவன் மேடம்கிட்டச் சொன்னான், மேடம் என் முகத்தைப் பாக்காமச் சொன்னாங்க.

"இந்தப் பானையோட மீதி எங்கன்னு கேக்கறாங்க வேளாரே."

நான் என்னத்தைச் சொல்ல? இது எங்க முறை, இனிமேதான் மூடணும்னு சொன்னேன். சரி, மூடிக் காட்டுங்கன்னாங்க. பலகை ஏது, கல்லு ஏது? ஒரு கட்டையையும் ஒரு கூழாங்கல்லையும் வச்சுத் தட்டினேன். முத பானை கிழிஞ்சு போச்சு. ரெண்டாவது ஒரு பக்கம் மெலிஞ்சு பொத்துக்கிச்சு. ஒன்பது பானை தம்பி. எனக்கு அந்த வேலை தெரியும், தெரியாம இல்லை, சின்ன வயசுல செஞ்சிருக்கேன். கைக்கு மறந்து போச்சு. ஒன்பதாவது போனதும் அசிபி வந்து பக்கத்துல உக்காந்து, என் கையில இருந்த கட்டையை வாங்கினா. பிடுங்கலை, வாங்கினா. அவளே ஒரு தட்டையான பலகையும் வழவழன்னு ஒரு கல்லும் எடுத்துட்டு வரச் சொல்லி, மீதிப் பதினேழையும் ஈரச்சாக்கு போத்தி வச்சு, ரெண்டு நாளா உக்காந்து மூடினா. நம்ம முறை அவளுக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. மண்ணு எங்க போகும்னு தெரிஞ்ச கை அது.

மூடி முடிச்சுட்டு, வீட்டுல உனக்கு யாரு மூடுறதுன்னு கேட்டா. யாரும் இல்லை, நானேதான்னேன். அவ நம்பலை. இவ்வளவு மெத்தனமா அறுத்து வைக்கிறவனுக்கு வீட்டுல ஒரு நல்ல கை இருக்கணும், அவ பேரு என்னன்னா. மேடம் என்னைப் பாக்கறாங்க. சொல்லித்தானே ஆகணும்? முப்புடாதின்னேன். ஏன் தம்பி சிரிக்கிறீங்க, உங்க தென்காசிப் பக்கத்துப் பேருதானே. அவ பேரை நான் வாயால சொன்னதே அன்னைக்குத்தான்னு நினைக்கிறேன். ஏய்ம்பேன், இந்தாம்பேன், அவ்வளவுதான். அசிபி அதை முப்பிதாதி, முப்பிதாதின்னு நாலு தடவை சொல்லிப் பழகிக்கிட்டா.

அதோட விட்டாளா? முப்பிதாதியைக் கூட்டிட்டு வான்னு மேடத்துக்கிட்டச் சொல்லிட்டா. மேடமும் ஆமா, நல்ல யோசனைன்னு டிக்கெட்டுப் போடக் கிளம்பிட்டாங்க. நான் வேணாம்னேன். அவளுக்கு அந்த வெயில் ஒத்துக்காது, சாப்பாடு ஒத்துக்காது. அவ மதுரை தாண்டினது கிடையாது. அதுதான் காரணம், வேற ஒண்ணும் இல்லை. அவ வந்து அந்தப் பொம்பளைங்க நடுவுல உக்காந்தா, அவங்க அவளைச் சுத்தி உக்காருவாங்க, நான் வேப்பமரத்தடியில தனியா உக்காரணும். அதுக்காகன்னு நினைச்சுராதீங்க. அவளுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டேன்.

அன்னைக்கு இருந்து தினமும் காலையில அசிபி என்கிட்ட வருவா. உள்ளங்கையால தரையை லேசாத் தட்டிக் காட்டி, முகத்தைத் தூக்குவா. தட்டுறவளுக்கு எப்படி இருக்குன்னு கேக்கறா. நான் கையை இப்படி இப்படி ஆட்டுவேன். ஏதோ வேரு, பட்டையெல்லாம் கட்டிக் குடுத்தா, ஊருக்கு அனுப்பச் சொல்லி. மூணு நாலு வாரம் இப்படியே போச்சு. ஒரு நாள் மேடம் போன் பண்ணி, வேளாரே, மதுரையில எங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார், நாளைக்கு உங்க வீட்டுக்கே ஆளனுப்பிப் பாக்கச் சொல்றேன், தேறினதும் அவங்களை அழைச்சுக்கலாம்னாங்க. ஆள் போனா என்ன ஆகும்? அவ மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு நிப்பா. வேணாம் மேடம், இப்பத்தான் சேதி வந்துச்சு, அவ போயிட்டான்னு சொல்லிட்டேன்.

வாய் தவறிச் சொன்னது தம்பி. கோவத்துல பெத்த பிள்ளையைக்கூடச் செத்துப் போன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. சொன்ன பிறகு அதை எப்படித் திரும்ப வாங்குறது? மேடம் போன்லயே அழுதுருச்சு. உடனே ஊருக்கு அனுப்பி வைக்கிறேன்னாங்க, டிக்கெட்டு அஞ்சாம் நாள்தான் கிடைச்சுது. அயினேகிட்டச் சொல்ல, அயினே பொம்பளைங்ககிட்டப் போய்ச் சொன்னான். அப்படியே கையில இருந்ததைக் கீழ வச்சுட்டாங்க. பானை செய்யறவ செத்தா நாலு நாளைக்கு அந்த ஊர்ல ஒருத்தியும் மண்ணைத் தொடக்கூடாதாம். பாதி எழுப்பின பானையெல்லாம் வெயில்ல வெடிச்சுக்கிட்டுக் கிடக்கு, ஒருத்தி ஏறெடுத்துப் பாக்கலை. மறுநாள் அசிபி வந்தா. தலையைச் சுத்தமாச் சிரைச்சிருந்தா. உன் சம்சாரத்துக்குப் பதிலா நான் பானையை மூடினேன், அதனால அவ என் கூடப்பொறந்த பொறப்புன்னு அயினே மூலமாச் சொன்னா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

நாலாம் நாள் எல்லாரும் வேப்பமரத்தடியில கூடினாங்க. செத்தவ செஞ்ச பானையை உடைக்கணும், அது அவங்க முறை. இவ செஞ்ச பானை அங்க ஏது? அசிபி மூடின அந்தப் பதினேழையும் கொண்டாந்து வரிசையா வச்சாங்க. வைக்கோல் போட்டுச் சுட்டு, நல்லா வெந்து, தட்டினா வெங்கலம் மாதிரிச் சத்தம் குடுத்த பானைங்க தம்பி. அக்ராவுல கண்காட்சிக்கு வைக்கிறதா இருந்துச்சு, என் பேரைப் போட்டு. ஆளுக்கு ஒரு பானைக்கு முன்னாடி நின்னு, குனிஞ்சு, பானை செய்யும்போது சுத்துவாங்களே அதே மாதிரி பின்பக்கமாச் சுத்தினாங்க. கையில மண்ணு இல்லை, வெறுங்கை. முப்பிதாதி, முப்பிதாதின்னு பாடிக்கிட்டே சுத்தினாங்க. அப்புறம் பதினேழையும் உடைச்சாங்க. என் கண்ணு முன்னாடி. ரெண்டு மாசமா நான் பாடுபட்டதுக்கு ஒரு ஓட்டைப் பானைகூட மிச்சமில்லை. அதை யார்கிட்டச் சொல்லி அழுறது?

அழுதேன்தான். புருஷன் எந்திரிச்சுப் பேசணுமாம், அது முறையாம். எந்திரிச்சேன். மேடம் டவுன்ல இருந்தாங்க, தமிழ் தெரிஞ்ச காக்கா குருவி கிடையாது. என்னமோ பேசினேன். ரொம்ப நேரம் பேசியிருக்கேன்னு அயினே அப்புறம் சொன்னான். அசிபி வந்து தோளைப் பிடிச்சு உக்கார வச்சா. அது கிடக்கட்டும்.

ஊருக்கு வந்து இறங்கினேன். பகல் பதினோரு மணி இருக்கும். சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கேன், ஓடி வந்து பையை வாங்குவான்னு பாத்தா, பட்டறையில சக்கரச் சத்தம் கேக்குது. உள்ள போனா, அவ சக்கரத்துல உக்காந்திருக்கா. கார்த்திகைக் கடைசி, பொங்கப் பானைக்குச் சொல்லி வச்சவங்க வந்து கேட்டாங்களாம். என்ன செய்யன்னு உக்காந்துட்டாளாம். சுத்தி நாப்பது அம்பது பானை நிக்குது, அடி மூடி. பானை பரவாயில்லைதான், குத்தம் சொல்ல முடியாது. கழுத்துதான் குட்டை. நான் வனைஞ்சா இன்னும் ஒரு விரக்கடை ஏறியிருக்கும்.

நான் கை ஓங்கலை தம்பி. கெட்ட வார்த்தை பேசலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? சக்கரத்துல ஏறி உக்காந்திருக்கே?"

அவ சக்கரம் தானா நிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தா. அப்புறம் எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டுச் சோறு போட்டா. ஒரு வாரம் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அந்த ஊர்ல நடந்தது எதையும் நான் சொல்லலை. எதுக்குச் சொல்லிக்கிட்டு, அங்க நடந்தது அங்கயே போகட்டும்னு விட்டுட்டேன்.

எட்டாம் நாள் ஹெலன் மேடம் துக்கம் கேக்க வந்து இறங்கிருச்சு. மெட்ராஸ்ல இருந்து, மாலையும் பழமுமா. நான் டீக்கடையில இருந்தேன். இவதான் கதவைத் திறந்திருக்கா. வேளார் வீட்டம்மா தவறினது விசாரிக்க வந்தேன்னு மேடம் சொல்லியிருக்கு. இவ, நான்தாங்க முப்புடாதின்னு சொல்லலை பாருங்க. உக்காருங்கன்னு பாயைப் போட்டு, காப்பி வச்சுக் குடுத்து, எப்படிச் செத்தாங்க, என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாமக் கேட்டிருக்கா. அடியில்லாத இருபத்தாறு பானை, அசிபி தலையைச் சிரைச்சது, நாலு நாளு மண்ணைத் தொடாதது, பதினேழை உடைச்சது, நான் எந்திரிச்சு நின்னு அழுது பேசினது, எல்லாத்தையும் மேடம் சொல்லி முடிச்ச பிறகுதான் தன் பேரைச் சொல்லியிருக்கா. நான் வந்தப்ப மேடம் வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு நிக்குது. என்னை ஏறிட்டுப் பாக்கலை. மாலை பாயில கிடக்குது.

கால்ல விழுந்துரலாமான்னுகூட நினைச்சேன். அவ கத்துவா, மாலையைத் தூக்கி எறிவான்னு பாத்தேன். அவ கேட்டது ஒண்ணுதான்.

"அந்தப் பொம்பளைங்க எனக்காக அழுதாங்களா?"

ஆமான்னேன். தலையை ஆட்டிக்கிட்டா. பலகையையும் கல்லையும் ஒரு பையில போட்டா, ரெண்டு சேலையை எடுத்துக்கிட்டா, சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சு இங்க வந்துட்டா. பொய் சொன்னதுக்குக் கோவம்னு நினைச்சேன். மக திருப்பூர்ல இருக்கா, போன் பண்ணி என்னைக் கிழி கிழின்னு கிழிச்சா. ஏம்மா, ஒரு வார்த்தைதானே, அதால அவ ஆயுசு குறைஞ்சா போச்சுன்னு கேட்டேன். போனை வச்சுட்டா. அவளும் அவ ஆத்தா மாதிரிதான்.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. மேடம் கானாவுக்கு உண்மையைச் சொல்லிட்டாங்க. அசிபி என்ன சொல்லி அனுப்பினாளாம் தெரியுமா? முடி வளந்துரும், உடைச்ச பதினேழு பானையைத் திரும்பச் செய்ய அவளையே வரச் சொல்லுங்கன்னாளாம். இவளும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கா. போலீஸ்காரரு விசாரிக்க எங்க வீட்டுக்கு வந்தாரு, விலாசம் அதுதானே. முப்புடாதிங்கிறவங்க இந்த வீட்டுலதான் இருக்காங்களான்னு கேட்டாரு. இருக்கான்னேன். கூப்பிடுங்கன்னாரு. ஊருக்குப் போயிருக்கான்னேன். எப்ப வருவாங்கன்னாரு. அவர் எழுதிக்கிட்டு நிக்கிறாரு, நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அவ இல்லாம வேலை ஓடலை, மறைச்சு என்ன ஆகப் போகுது. தட்டுறதுக்கு ஆள் போட்டுப் பாத்தேன், பத்துக்கு ஆறு கீறல் விடுது. பட்டறை பூரா கழுத்தும் தோளுமா நிக்குது, அடி இல்லாம. காலையில எந்திரிச்சு அதைப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு. சமையலும் தெரியாது, அது வேற விஷயம், கடையில வாங்கிக்கலாம். வீட்டுக்குள்ள இருந்தா மூச்சு முட்டுது.

போன வாரம் மச்சினன் போன் பண்ணினான். தங்கச்சி ஒரு சொல்லு சொல்லச் சொல்லுச்சுன்னான். அங்க என்ன சொல்லி அழுதாரோ, அதை இங்க வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும், அப்புறம் வர்றதா, பிளேன் ஏறுறதான்னு நான் சொல்றேன். இதுதான் சேதி. இது என்ன நியாயம்? மன்னிப்புக் கேளுன்னா கேக்கலாம். சேலை எடுத்துக் குடுன்னா குடுக்கலாம். நாளைக்கே சக்கரத்துல உக்காந்துக்கோன்னுகூடச் சொல்லிருவேன், கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தா யாருக்குத் தெரியப் போகுது. இதை எப்படிச் சொல்றது?

என்ன சொன்னேன்னா? உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. நாப்பது வருஷத்துல நான் ஒரு பானைகூடச் செஞ்சதில்லைன்னு சொன்னேன். வாயும் கழுத்தும்தான் நான் செஞ்சேன், தண்ணி நிக்கிற இடம் பூரா அவ செஞ்சதுன்னேன். ஊரெல்லாம் பூமிநாதன் பானை, பூமிநாதன் பானைங்கும்போது அவ பக்கத்துலயே நிப்பா, நான் அவ பக்கம் திரும்பினதில்லைன்னேன். மணிக்கட்டு வீங்கிப் போய் எண்ணெய் தேச்சுக்கிட்டு இருப்பா, என்னடின்னு ஒரு நாள் கேட்டதில்லைன்னேன். உன் கை போன பிறகு எனக்குக் கையே இல்லைன்னு சொன்னேன். அவ செத்தே போயிட்டான்னு நெசமா நினைச்சுக்கிட்டேன் தம்பி. அவ்வளவு பேர் அழும்போது நமக்கு எப்படிப் பொய்யின்னு தோணும்?

இப்ப உங்ககிட்டச் சொல்லிட்டேன் பாருங்க, தடங்கல் இல்லாம வருது. செத்தவளைப் பத்தின்னா சொல்லிறலாம். உசுரோட ஒருத்தி எதுக்க நின்னு கண்ணைப் பாத்துக்கிட்டு இருந்தா, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. இன்னைக்குச் சொல்லிருவேன். வீட்டுக்குள்ள போய், ஒரு செம்பு தண்ணி குடிச்சுட்டு, மச்சினன் பெண்டாட்டி எல்லாம் அங்கிட்டுப் போன பிறகு, மெதுவா ஆரம்பிச்சேன்னா வந்துரும்.

வாசுதேவநல்லூரா? அதுக்குள்ளயா? ராஜபாளையம் தாண்டினதே தெரியலையே. அந்தப் பையை எடுங்க தம்பி, உங்க காலுக்குப் பக்கத்துல.

இருங்க. அந்தா, பழக்கடை ஓரத்துல, பச்சைச் சேலை. அவதான். மச்சினனும் நிக்கிறான். இந்த பஸ்ஸுலதான் வர்றேன்னு அவன்கிட்டச் சொன்னேன். அவளே ஸ்டாப்புக்கு வந்து நிப்பான்னு நினைக்கலை. வீட்டுல இருப்பான்னுதான் நினைச்சேன். இளைச்சுட்டாளா? இல்லை, அப்படியேதான் இருக்கா.

இறங்குறேன், இறங்குறேன். முன்னாடி இருக்கிறவங்க இறங்கட்டும், என்ன அவசரம். மூணு மணி நேரம் உக்காந்ததுல காலு மரத்துப் போச்சு. கண்டக்டர் கேக்கறாரு, வேற யாராவது உண்டான்னு. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. சும்மா இருங்க.

விசில் குடுத்துட்டாரு.

பாத்துட்டா. நான் குனியறதுக்குள்ள பாத்துட்டா. கூப்பிடலை, கையைத் தூக்கலை, பஸ்ஸு போற பக்கம் அப்படியே திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்கிறா.

அடுத்து புளியங்குடிதானே? அங்க இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடிச்சு வந்துருவேன். அரை மணி நேரம் ஆகுமா? அதுக்குள்ள போயிருவாளோ? போக மாட்டா தம்பி. நாப்பது வருஷம் நின்னவ, ஒரு அரை மணி நேரம் நிக்க மாட்டாளா.